எட்டுக்கல்பாளையத்தார் முயலுக்கு ஊசி போட்ட கதை

எட்டுக்கல்பாளையத்தில் முயல் வளர்ப்போர் நலச் சங்கம் என்று ஒன்று இருந்தது. அதில் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரிடமும் முயல் கிடையாது. ஊரில் முயல் வைத்திருந்த ஒரே ஆள் சைக்கிள் கடை நஞ்சப்பனின் பெண்சாதி மருதாயிதான். அவளைச் சங்கத்தில் சேரச் சொல்லிக் கேட்டதற்கு, "முயலுக்குத் தழை ஒடிக்கவே எனக்கு நேரம் பத்தலீங்க" என்று சொல்லிவிட்டாள்.

நஞ்சப்பன் சங்கத்தில் இருந்தான். முயல் பெண்சாதியுடையது, சங்கம் தன்னுடையது என்று அவன் கணக்காகப் பிரித்து வைத்திருந்தான்.

சங்கத்துக்குத் தலைவர் குப்பண்ணன். கை வைத்த நாற்காலி ஊரில் அவர் ஒருவரிடம்தான் இருந்தது என்பதால் அவரையே தலைவராக்கிவிட்டார்கள். துணைத் தலைவர் சென்னியப்பனிடம் ஒரு லோடு ஆட்டோ இருந்தது. செயலாளர் ராக்கியப்பனிடம் ஒரு நோட்டு இருந்தது. எதைச் செய்வதானாலும் தீர்மானம் போட்டு, நோட்டில் எழுதி, அதற்குப் பிறகுதான் செய்வார்கள். கூட்டத்தில் தாகம் எடுத்தால்கூடத் தீர்மானம் நிறைவேறிய பிறகுதான் செம்பில் கை வைப்பார்கள்.

ஓட்டுப் போடுவதற்கும் ஒரு முறை இருந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்க வேண்டும். ஒரு கையை மட்டும் தூக்கினால் அரை மனசோடு ஒத்துக்கொள்கிறான் என்று அர்த்தம். அரை மனசு ஓட்டுகளை அந்தச் சங்கம் சேர்த்துக்கொள்வதில்லை.

இப்படி இருக்கையில், பக்கத்து ஊரில் முயல்களுக்கு ஒரு காய்ச்சல் வந்து வரிசையாகச் செத்துப்போகின்றன என்று சேதி வந்தது. காரமேட்டுக் கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஹேமலதா தடுப்பூசி வரவழைத்திருந்தார். வியாழக்கிழமை ஒரு நாள்தான் போடுவார்கள். மருந்துப் புட்டியைத் திறந்தால் அன்றைக்கே முடித்துவிட வேண்டுமாம். விட்டால் அடுத்த மாசம்தான்.

அந்த வியாழக்கிழமை பார்த்தா மருதாயி ஊரில் இருக்க முடியாமல் போக வேண்டும்? கோபியில் அவள் தங்கச்சி வீட்டுப் புதுமனை புகுவிழா. அக்கா இல்லாமல் பால் காய்ச்ச மாட்டேன் என்று தங்கச்சி ஒற்றைக் காலில் நின்றாள். வேறு வழியில்லாமல் மருதாயி முயல்களை நஞ்சப்பனிடம் ஒப்படைத்தாள்.

"ஏனுங்க, இந்த ஏழும் எனக்குக் கொழந்தைங்களாட்ட. ஒண்ணொண்ணுக்கும் ஒரே ஒரு ஊசி. எதுக்கும் ரெண்டு தடவை போட்டறக் கூடாது. எதுவும் விட்டுப்போகவும் கூடாது. போன வருசம் கோழிக்கு நீங்க ஊசி போட்டுக்கிட்டு வந்த லட்சணம் எனக்கு மறக்கலை."

நஞ்சப்பனுக்கும் மறக்கவில்லை. பதினொரு கோழியைக் கொண்டுபோய், சேவல் ஒன்றுக்கே நாலு ஊசி போட்டுக்கொண்டு வந்திருந்தான். ஒவ்வொரு தடவையும் அதுதான் முன்னால் வந்து நின்றது என்பது அவன் பக்கத்து நியாயம். அதற்குப் பிறகு அந்தச் சேவல் மத்தியானம்தான் கூவியது.

"வெள்ளிக்கெழம சாயங்காலம் அஞ்சு மணி பஸ்சுக்கு வந்துருவேன்" என்றாள் மருதாயி. "ஏழுக்கும் ஊசி போட்டதுக்கு அத்தாட்சி எடுத்து என்ற கண்ணுல காட்டோணும். வாய்ப்பேச்செல்லாம் எங்கிட்ட ஆகாது. அத்தாட்சி இல்லேன்னா, அதே பஸ்சுல திரும்பிப் போயி தங்கச்சி வீட்டுலயே இருந்துக்குவேன்."

சொன்னால் செய்கிறவள். கல்யாணமாகி இருபத்தாறு வருசத்தில் வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று நஞ்சப்பனுக்குத் தெரியாது. அது போகட்டும். மருதாயி இல்லாத வீட்டில் அவனுக்கு இருப்புக்கொள்ளாது. அவளிடம் திட்டு வாங்காத நாளில் சாப்பிட்ட சோறு அவனுக்குச் செரிக்காது. முயல்களின் மேலும் அவனுக்கு உள்ளூரப் பிரியம்தான். ஏழில் பெரியது கொழுக்கட்டை. சாயங்காலம் அவன் கடையைப் பூட்டிவிட்டு வந்தால் ஓடிவந்து கால் கட்டைவிரலை முகர்ந்து பார்க்கும். அப்படி வரவேற்க வேறு யார் இருக்கிறார்கள்?

ஆகவே இந்தத் தடவை தவறே நடக்கக்கூடாது என்று முடிவு செய்தான். முடிவு செய்துவிட்டு நேராகச் சங்கத்துக்குப் போனான். அங்கேதான் தவறு நடந்தது.

புதன்கிழமை சாயங்காலம் அவசரக் கூட்டம் கூடியது. டாக்டரம்மா போனில் சொன்னதையெல்லாம் நஞ்சப்பன் சொல்லச் சொல்ல, ராக்கியப்பன் நோட்டில் எழுதினார்.

"மொதல்ல, முயலைப் பட்டினி போட்டுக் கூட்டிட்டு வரக்கூடாதாம். எப்பவும்போலத் தீனி தின்னுட்டுத்தான் வரோணுமாம்."

தலைவர் குப்பண்ணன் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். "அதெப்படி? போன மாசம் எனக்கு ரத்தம் எடுக்கையில வெறும் வயித்துல வரச் சொன்னாங்களே?"

"அது மனுசனுக்குங்க" என்றான் நஞ்சப்பன்.

"மனுசனோ முயலோ, ஆஸ்பத்திரி ஒண்ணுதானே? யாராச்சும் ஒருத்தரு வெறும் வயித்துல போனாத்தானே அது வைத்தியம்?"

எல்லோரும் யோசித்தார்கள். தலைவர் சொல்வதில் நியாயம் இருந்தது. டாக்டரம்மா சொல்வதையும் தள்ள முடியாது. கடைசியில் ராக்கியப்பன்தான் வழி கண்டுபிடித்தார். "முயலு சாப்புடட்டுமுங்க. அதுக்குப் பதிலா நாம நாலு பேரும் சாப்புடாம போயிரலாம். ரெண்டு பக்கமும் சரியாப் போயிரும்."

எட்டுக் கையும் மேலே போயின. தீர்மானம் நிறைவேறியது.

"ரெண்டாவது, போற வழியில முயலு நாயைப் பாத்தறக் கூடாதாம். பயந்துச்சுன்னா ஒடம்புக்கு ஆகாதாம்."

எட்டுக்கல்பாளையத்தில் நாய் என்றால் மைனர்தான். டீக்கடை வாசலில் படுத்திருக்கும் கறுப்பு நாய். எந்த வண்டி போனாலும் ஊர் எல்லைவரை துரத்திக்கொண்டு போய் வழியனுப்பிவிட்டு வரும்.

"முயலுக்குக் கண்ணைக் கட்டீறலாமா?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"ஏழு முயலுக்கும் கட்டறதுக்கு ஒரு நாயிக்குக் கட்டறது லேசில்ல?" என்றார் தலைவர்.

"நாயிக்குக் கண்ணைக் கட்டுனா நாயிதானுங்களே முயலைப் பாக்காது? முயலு நாயைப் பாக்குமே" என்றான் நஞ்சப்பன். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் பேசப்பட்ட ஒரே சரியான வார்த்தை அது. அதோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அதனால நாயை முழுசாச் சாக்குக்குள்ள போட்டறலாமுங்க" என்று சேர்த்துக்கொண்டான்.

"சாக்குல போட்டு இங்கயே வெச்சுட்டுப் போனா, அவுத்துக்கிட்டு ஓடிவந்து குறுக்க நின்னுட்டா?" என்று கவலைப்பட்டார் ராக்கியப்பன்.

கடைசியில், நாய் எந்த வழியிலும் குறுக்கே வராமல் இருப்பதற்கு ஒரே வழி அதைக் கையோடு வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போவதுதான் என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.

"மூணாவது, வண்டியில குலுக்காம கொண்டாரோணுமாம்."

"என்ற வண்டி எஞ்சினு ஓடுனாலே குலுக்குமே" என்றார் சென்னியப்பன். தன் வண்டியைப் பற்றி உண்மை பேசத் தயங்காதவர் அவர்.

"அப்ப எஞ்சினைப் போட வேண்டாம். தள்ளிக்கிட்டே போயிரலாம்" என்றார் தலைவர். காரமேடு ஏழு கிலோமீட்டர். அதைப் பற்றி யாரும் பேசவில்லை, நோட்டிலும் எழுதவில்லை.

"நாலாவது, ஊசி போட்டதையும் போடாததையும் கலந்தறாம இருக்க, போட்டதுக்கு ஒரு அடையாளம் வெக்கோணுமாம்."

"குங்குமம் வெச்சறலாம்" என்றார் ராக்கியப்பன். "ஆனா அங்க போயி, கூட்டத்துல, குங்குமச் சிமிழை எங்கன்னு தேடறது? இங்கயே வெச்சுட்டுப் போனா அங்க ஒரு வேலை மிச்சம்."

இதையும் எல்லோரும் மெச்சினார்கள். அப்போதே போய் ஏழு முயலுக்கும் நெற்றியில் எட்டணா அளவு குங்குமப் பொட்டு வைத்தார்கள். வெள்ளை வெளேரென்ற முயல்களுக்குச் சிவப்புப் பொட்டு பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. மருதாயி இருந்தால் ஒரு போட்டோ எடுத்திருப்பாள் என்று நஞ்சப்பன் நினைத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு, முயல்கள் வயிறு நிறைய அகத்திக்கீரை தின்ன, சங்கத்தார் நால்வரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் புறப்பட்டார்கள். கூண்டை ஆட்டோவில் ஏற்றினார்கள். பக்கத்திலேயே மைனரைச் சாக்கோடு ஏற்றினார்கள். சாக்குக்குள் போவதற்கு முன்னால் அது ராக்கியப்பனின் வேட்டியில் பாதியை எடுத்துக்கொண்டது. மூன்று பேர் பின்னாலிருந்து தள்ள, சென்னியப்பன் வண்டியின் பக்கத்தில் நடந்தபடியே ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

வழியில் பால் வண்டிக்காரர் ஒருவர் நின்று, "என்னங்க, வண்டி ரிப்பேருங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, வண்டி நல்லாத்தான் ஓடும்" என்றான் நஞ்சப்பன்.

அவர் வேகமாக வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாலு கிலோமீட்டர் தாண்டியதும் தலைவருக்குக் கண்ணைக் கட்டியது. ஐந்தில் ராக்கியப்பனுக்குக் காது அடைத்தது. காரமேட்டு இறக்கத்தின் தலைமாட்டுக்கு வந்தபோது மணி பத்தரை. தலைவர், "இங்க சித்த நேரம் உக்காந்துட்டுப் போலாமான்னு ஒரு தீர்மானம் கொண்டாரன். ஒத்துக்கறவங்க கையைத் தூக்குங்க" என்றார்.

அந்தச் சங்கத்தின் சரித்திரத்தில் அவ்வளவு முழு மனசோடு ஒரு தீர்மானம் நிறைவேறியதில்லை. நாலு பேரும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார்கள்.

வண்டி போய்விட்டது.

நஞ்சப்பன் தூக்கிய கையை இறக்காமலே ஓடினான். "ஐயோ மருதாயி! ஐயோ கொழுக்கட்டை!" என்று கத்திக்கொண்டு ஓடினான். அவன் கண்ணுக்கு முன்னால் அஞ்சு மணி பஸ்தான் ஓடியது. கோபிக்குத் திரும்பிப் போகும் பஸ். ஜன்னலோரத்தில் மருதாயி. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆட்டோ இறக்கத்தில் நேராக இறங்கி, வளைவில் வளையாமல், ஓரத்தில் இருந்த சோளத்தட்டுப் போரில் போய் மெத்தென்று புகுந்து நின்றது. நஞ்சப்பன் மூச்சு வாங்க ஓடிவந்து பார்த்தபோது ஏழு முயலும் கூண்டுக் கம்பி வழியாகச் சோளத்தட்டை இழுத்துத் தின்றுகொண்டிருந்தன. ஒன்றுக்கும் ஒரு கீறல்கூட இல்லை. சாக்கு மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. நஞ்சப்பன் ஒவ்வொரு முயலாகத் தொட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

அழுது முடித்து நிமிர்ந்து பார்த்தால், எதிரே கால்நடை ஆஸ்பத்திரி வாசல். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்களே, அது இதுதான். "நடந்து வந்திருந்தா இன்னும் அரை மணி நேரம் ஆயிருக்கும்" என்று தலைவர் தன் தீர்மானத்தைத் தானே பாராட்டிக்கொண்டார்.

டாக்டரம்மா ஹேமலதா பொறுமைசாலி. எருமை, ஆடு, அரசியல்வாதி வீட்டுப் பூனை எல்லாம் பார்த்தவர். ஆனால் முயல்களைப் பார்த்ததும் அவரும் ஒரு நிமிஷம் நின்றார்.

"பொட்டு எதுக்குங்க?"

"ஊசி போட்டதுக்கு அடையாளமுங்க" என்றான் நஞ்சப்பன்.

"அப்ப ஏற்கெனவே போட்டாச்சா? எங்கே போட்டீங்க?"

"இன்னும் போடலீங்க. நீங்கதான் போடோணும்."

டாக்டரம்மா நாலு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நாலும் ஒரே மாதிரி தெளிவாக இருந்தன. "சரி, பரவாயில்ல" என்றார். "பொட்டு இருந்தா இன்னும் போடலைன்னு வெச்சுக்குவோம். ஊசி போட்ட உடனே ஒவ்வொண்ணுக்கும் பொட்டை அழிச்சிருவோம்."

தலைவர் குப்பண்ணன் இரண்டடி பின்னால் போனார். "பொட்டை அழிக்கறதா? இதுல பொம்பளை முயலும் இருக்குதுங்க டாக்டரம்மா. நல்ல நாளும் அதுவுமா, ஆம்பளை முயலு உசிரோட குத்துக்கல்லாட்ட உக்காந்திருக்கையில, பொம்பளைக்குப் பொட்டை அழிச்சா அது எங்க போயி மூஞ்சியை வெச்சுக்கும்?"

"அப்ப ஆம்பளைக்கு மட்டும் அழிச்சுட்டு, பொம்பளைக்கு அழிக்காம விட்டறலாமுங்களா?" என்றார் சென்னியப்பன்.

"விட்டா அதுங்களுக்கெல்லாம் ரெண்டாவது ஊசி விழுந்துருமே!" என்று நஞ்சப்பன் அலறினான்.

டாக்டரம்மா கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தார். பிறகு, "எல்லாத்துக்கும் போட்டு முடிச்சதும், நல்ல நேரம் பார்த்து, ஏழுக்கும் திரும்பப் பொட்டு வெச்சிரலாம். நானே வெச்சு விடறேன்" என்றார். அது எல்லோருக்கும் சம்மதமாக இருந்தது.

முதல் ஊசியை எடுத்ததும் தலைவர் குப்பண்ணன் அப்படியே சரிந்து விழுந்தார். பயத்தில் விழுந்தார் என்று நினைத்து டாக்டரம்மா முகத்தில் தண்ணீர் தெளித்தார். தலைவர் அந்தத் தண்ணீரை நாக்கால் நக்கினார்.

"இவர் எப்பங்க சாப்பிட்டார்?"

"நேத்து ராத்திரிங்க" என்றார் ராக்கியப்பன் பெருமையாக. "நாங்க நாலு பேருமே வெறும் வயித்துலதான் வந்திருக்கறோம். டாக்டரம்மா சொன்னதை ஒரு எழுத்து மீறலை."

டாக்டரம்மா போய்த் தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்து வந்து நீட்டினார். எலுமிச்சம்பழச் சாதம். நாலு பேரும் மூலையில் உட்கார்ந்து பங்கு போட்டுத் தின்றார்கள். தலைவருக்குத் தெம்பு வந்ததும் சாதத்தில் உப்பு கொஞ்சம் கம்மி என்றார்.

நஞ்சப்பன் மட்டும் இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்துவிட்டான். இந்தக் காரியத்தை அவன் யாரையும் நம்பி விடவில்லை. ஒவ்வொரு முயலாகத் தானே எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். ஊசி இறங்கும்போது தான் கண்ணை மூடிக்கொண்டான். பஞ்சால் பொட்டைத் துடைத்து ஆஸ்பத்திரிக் கூண்டு ஒன்றில் விட்டான். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினான். ஏழு முயல், ஏழு ஊசி. இரண்டாவது ஊசி எதற்கும் இல்லை, விட்டுப்போனதும் இல்லை. கடைசியாகக் கொழுக்கட்டையையும் இறக்கி விட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையைச் சரியாக முடித்திருந்தான்.

"இப்ப ஒரு அரை மணி நேரம் உக்காந்து, எதுக்காவது மயக்கம் கியக்கம் வருதான்னு கண்ணை எடுக்காம பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா ஒரு மாட்டைப் பார்க்கப் போனார்.

உடனே கூட்டம் கூடியது. ஏழு முயல். நாலு பேருக்கு எட்டுக் கண். ஆளுக்கு இரண்டு முயல் என்று பிரித்தால், வலது கண்ணுக்கு ஒன்று, இடது கண்ணுக்கு ஒன்று. ராக்கியப்பனுக்கு ஒரு முயல்தான் வந்தது. அவருக்கு மிச்சம் இருந்த கண்ணைச் சாக்கைப் பார்க்க ஒதுக்கினார்கள்.

டாக்டரம்மா திரும்பி வந்தபோது நாலு பேரும் இமைக்காமல், கண்ணில் தண்ணீர் தாரை தாரையாக வழிய, விழி பிதுங்க உட்கார்ந்திருந்தார்கள். முயல்கள் சௌக்கியமாக இருந்தன.

"அந்தச் சாக்குல என்ன?"

"நாயிங்க."

"நாயா? முயல் கண்ணுல நாய் படக்கூடாதுன்னு சொன்னேனே?"

"அதனாலதானுங்க கூடவே கொண்டாந்தோம்" என்றார்கள் நாலு பேரும்.

சாக்கை அவிழ்த்ததும் மைனர் வெளியே வந்து, இந்த நாலு பேரை விட்டால் போதும் என்பதுபோல டாக்டரம்மாவின் காலடியில் போய் ஒண்டிக்கொண்டது. வந்தது வந்துவிட்டது என்று அதற்கும் ஒரு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு அனுப்பினார். திரும்பும்போது வண்டியை எஞ்சின் போட்டே ஓட்டிப் போகும்படி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

புறப்படுகிற நேரத்தில் டாக்டரம்மா ஏழு அட்டைகளை எடுத்து வந்தார். "இதுதான் ஊசி அட்டை. தேதி, மருந்துப் பேரு, முயலோட எடை, ஆணா பொண்ணா, என் கையெழுத்து எல்லாம் இதுல இருக்கு. இதை வீட்டுல காட்டுங்க. ஒண்ணோட அட்டையை இன்னொண்ணுக்கு மாத்திடாம, அததுக்கு உரியது அததோட இருக்கட்டும்."

நஞ்சப்பன் அட்டைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். மருதாயி கேட்ட அத்தாட்சி! அன்று ராத்திரி அதைத் தலையணைக்கு அடியில் வைத்து, பல நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினான்.

வெள்ளிக்கிழமை காலை முழுக்க, எந்த முயலுக்கு எந்த அட்டை என்று கண்டுபிடிப்பதிலேயே போனது. ரேஷன் கடைத் தராசில் ஒவ்வொரு முயலாக வைத்து எடை பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் ஏழும் சரியாகிவிட்டது. அததுக்கு உரியது அததோடு இருக்க வேண்டும் என்றதால், ஒவ்வொரு அட்டையையும் நூலில் கோத்து அந்தந்த முயலின் கழுத்திலேயே கட்டினார்கள். மருதாயி வந்து கூண்டைத் திறந்ததும் எல்லாம் கண்ணெதிரே இருக்கும். தீர்மானம் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

மூன்று மணிக்கு வந்து பார்த்தால் நூல் இருந்தது, அட்டை இல்லை.

முயலுக்குத் தன் கழுத்தில் இருப்பது வாய்க்கு எட்டாது. பக்கத்து முயல் கழுத்தில் இருப்பது நன்றாக எட்டும். கொழுக்கட்டையின் வாயோரத்தில் டாக்டரம்மாவின் கையெழுத்தில் கடைசி எழுத்து மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் பார்க்கப் பார்க்க அதுவும் உள்ளே போய்விட்டது.

ராக்கியப்பன் விசாரணை நடத்தினார். ஒவ்வொன்றின் வாயையும் திறந்து மை இருக்கிறதா என்று பார்த்தார். கொழுக்கட்டை முன்னால் மூன்று நூல் கிடந்தன. நாலு முயல்கள் ஆளுக்கு ஒன்று தின்றிருந்தன. மிச்சம் இரண்டின் வாய் சுத்தமாக இருந்தது. அவை ஓரத்தில் சோகமாக உட்கார்ந்திருந்தன.

"அப்படீன்னா" என்றார் தலைவர், குரலைத் தாழ்த்தி, "கொழுக்கட்டைக்கு மூணு ஊசி ஆயிப்போச்சு. இந்த ரெண்டுக்கும் ஊசியே போடாததாட்ட ஆயிப்போச்சு."

நஞ்சப்பன் தலையில் அடித்துக்கொண்டான். ரெண்டு தடவையும் கூடாது, விட்டுப்போகவும் கூடாது என்று மருதாயி சொன்ன இரண்டும் ஒரே நேரத்தில் நடந்துவிட்டதே! "கொழுக்கட்டைகிட்ட இருக்கற ரெண்டை எடுத்து இதுங்களுக்குக் குடுக்க வழியில்லீங்களா?" என்று கெஞ்சினான். சென்னியப்பன் கொழுக்கட்டையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் விழவில்லை.

நஞ்சப்பன் அழுதுகொண்டே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டான். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அண்ணா, மருந்து ஊசியிலதான் இருந்துச்சு. அட்டை வெறும் காகிதம். ஏழுக்கும் ஊசி சரியாத்தான் போட்டிருக்கு, ஒரு கொறையும் இல்ல. திங்கக்கெழம வாங்க, வேற அட்டை எழுதித் தர்றேன்" என்றார்.

போன உயிர் திரும்பி வந்தது நஞ்சப்பனுக்கு. முயல்கள் பிழைத்தன. ஆனால் மருதாயி திங்கட்கிழமை வரவில்லையே? இன்றைக்கு அஞ்சு மணிக்கு அல்லவா வருகிறாள்? அத்தாட்சி இல்லாமல் எந்த முகத்தோடு அவள் முன்னால் நிற்பது?

தலைவர் தீர்மானம் ஒன்று கொண்டுவரப் பார்த்தார். என்ன தீர்மானம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றுவதற்குள் அஞ்சு மணி பஸ்சின் ஹாரன் கேட்டது.

மருதாயி இறங்கினாள். டிரைவர் டீ குடிக்கப் போனதால் பஸ் அங்கேயே நின்றது. அவள் நேராகக் கூண்டுக்குத்தான் வந்தாள். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காது, மூக்கு, பாதம் எல்லாம் பார்த்தாள். ஏழும் துள்ளிக்கொண்டிருந்தன. நெற்றியில் புதுப் பொட்டுக்கூட இருந்தது. அவள் முகம் கொஞ்சம் இளகியதைப் பார்த்து நஞ்சப்பனுக்கு நெஞ்சு நிறைந்தது. மூன்றே நாள்தான், ஆனால் அவளைப் பார்த்து மூன்று வருசம் ஆனதுபோல இருந்தது அவனுக்கு.

"ஊசி போட்டாச்சுங்களா?"

"ஏழுக்கும் போட்டாச்சு புள்ள. ஒண்ணுக்கு ஒண்ணுதான்."

"அத்தாட்சி?"

தலைவர் இருமினார். துணைத் தலைவர் ஆட்டோவைத் துடைக்கப் போனார். செயலாளர் நோட்டைப் புரட்டினார். மருதாயி நாலு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். கீழே வைத்த பையை மறுபடி கையில் எடுத்தாள். அங்கே டிரைவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நஞ்சப்பன் வீட்டுக்குள்ளே ஓடினான். சமையலறையில் ஏதேதோ உருண்டது. கழுவித் துடைத்த எவர்சில்வர் தட்டு ஒன்றோடு வெளியே வந்தான். யாரையும் கேட்காமல், எந்தத் தீர்மானமும் இல்லாமல், அதைப் பயபக்தியோடு முயல் கூண்டுக்கு அடியில் வைத்தான்.

"இதென்னுங்க?" என்றாள் மருதாயி.

"அத்தாட்சி எங்கயும் போகலை புள்ள, ஏழு அட்டையும் பத்திரமா இதுங்க வயித்துக்குள்ளதான் இருக்குது. மத்தியானந்தான் தின்னுதுங்க."

மருதாயி கையிலிருந்த பை நழுவிக் கீழே விழுந்தது. பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் புறப்பட்டுப் போனது. அவள் பை கீழே இறங்கியதே போதும் என்று நஞ்சப்பனுக்கு முகமெல்லாம் சிரிப்பாயிற்று. அன்போடு அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு சொன்னான்:

"காலையில புழுக்கை போடையில எல்லாம் ஒண்ணொண்ணா வெளிய வந்துரும். டாக்டரம்மாவுது கொஞ்சம் பொடி எழுத்து புள்ள. ஒன்ற கண்ணாடியை இப்பவே எடுத்து வெச்சுக்கோ."